அடிப்படை ஏக்கர்

காலை எட்டு மணிக்கு
டெல்வின் கவுண்டியின் பண்ணை அலுவலகத்தைத்
திறப்பவள் நான்.
சுவரில், விமானத்திலிருந்து எடுத்த படம்:
நீர்க்குழாய் சுழன்று சுழன்று வரைந்த
பச்சை வட்டங்கள்,
யாரோ சில்லறையை எண்ணி வைத்துவிட்டு
எடுக்க மறந்ததுபோல.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
அளப்பது என் வேலை.
ஆறு எங்கே போகிறது என்பது
என் வேலை இல்லை.

ஸ்ட்ரூவ் குடும்பத்துக்கு
நானூற்றுப் பன்னிரண்டு ஏக்கர் கோதுமை.
அங்கே கோதுமை விதைத்து இருபது வருடமாகிறது.
இப்போது மக்காச்சோளம், வேலியோரம் இரண்டு குதிரைகள்.
ஆனாலும் எங்கள் காகிதத்தில்
அந்தக் கோதுமை வருடா வருடம் முளைக்கிறது.
அதன் விலை சரிகிறது.
நாங்கள் மனமிரங்கி ஈடு கட்டுகிறோம்.

டென்வரில் ஒரு பல் மருத்துவர்.
அவருடைய மேட்டு நிலத்தில்
புல்லைப் புல்லாகவே விட்டுவைக்க
பத்து வருட ஒப்பந்தம்.
அந்தப் புல்லின் வேலியைச் சரிசெய்யும்
யூசேபியோ பராசாவுக்கு
எங்கள் படிவம் எதிலும் கட்டம் இல்லை.
தேடிப் பார்த்தேன். உண்மையாகவே தேடினேன்.

மார்ச்சில் உள்ளூர்ப் பத்திரிகை
பட்டியலை அச்சிட்டது.
பெயர், தொகை. பெயர், தொகை.
அந்தச் சனிக்கிழமை உணவகத்தில்
யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.
முட்டைகள் ஆறின.
அரசாங்கம் கையை எடுத்தால்தான் நாடு உருப்படும் என்று
பதினைந்து வருடமாய் அதே மேசையில்
அடித்துச் சொல்லிவந்த குர்ட் லோமன்
மூன்றாம் இடம்.
மிளகுத்தூள் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.
பரிமாறும் நெடீன்
அன்றைக்கு டிப்ஸை
அவர்கள் கண்ணெதிரே, நிதானமாக,
இரண்டு முறை எண்ணினாள்.

ஏப்ரலில், கெடுவுக்கு இரண்டு நாள் முன்பு,
ஆர்டித் வோபாட் வந்தாள்.
படிவத்தில் எல்லாம் சரி.
கீழே மைலோவின் கையெழுத்து.

முப்பது வருடம் பார்த்த கையெழுத்து.
மைலோவின் கடைசி எழுத்து
எப்போதும் கோட்டைத் தாண்டிக் கீழே சரியும்,
கதவில் மாட்டிய கோட்டு நழுவுவதுபோல.
இது சரியவில்லை.
கோட்டின் மேலே
ஒழுங்காக நின்றுகொண்டிருந்தது.

நவம்பரில்
அவர் அடக்கத்துக்கு உருளைக்கிழங்கு சமைத்து
நான்தான் கொண்டுபோனேன்.
பாத்திரத்தைக் கழுவித் திருப்பித் தந்தவள்
இவள்.

“வண்டியில் இருக்கிறார்” என்றாள்,
“இடுப்பு வலி. இறங்க முடியவில்லை.”

ஜன்னல் பக்கம் திரும்பினேன்.
திரும்பியிருக்கக் கூடாது.
பக்கத்து இருக்கையில்
விதைக் கம்பெனித் தொப்பி ஒன்று
எங்களைப் பார்த்தபடி.

ஆறாயிரத்து நூற்று எண்பது டாலர்.
வெள்ளிக்கிழமை வங்கிக்குத் தவணை.
முத்திரை என் கையில் இருந்தது.
குத்தினால் அரை வினாடி.
குத்தியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்,
பின்னறையில் பிரிண்டர்
அந்த நேரம் பார்த்து
காகிதம் தீர்ந்ததென்று கத்தாமல் இருந்திருந்தால்.

காகிதம் நிரப்பினேன்.
திரும்பி வந்து
வாரிசுக்கான படிவத்தை எடுத்தேன். பதினொரு பக்கம்.
அவள் கொண்டுவந்ததை மடித்து
அவள் கைப்பைக்குள்ளேயே வைத்தேன்.
ஒன்றும் சொல்லவில்லை. அவளும்.

மதியம் வரை எழுதினோம்.
பிறந்த ஊர், நிலத்தின் எண், பங்கின் சதவீதம்
எல்லாம் மளமளவென்று சொன்னாள்.
நான்காம் பக்கத்தில் இறந்த தேதி.
பேனாவை என்னிடம் நீட்டினாள்.
நான் எழுதினேன்.

எழுந்தபோது ஒன்றே ஒன்று கேட்டாள்:
“அடிப்படை ஏக்கர் குறையாதே?”

“குறையாது. ஆள் போனாலும்
அது அப்படியே நிற்கும்.”

தலையாட்டினாள், அது தனக்கு
முன்பே தெரியும் என்பதுபோல.

பணம் வெள்ளிக்கிழமைக்குள் வராது.
அதை நான் அவளிடம் சொல்லவில்லை.
வங்கியில் என் மைத்துனன் இருக்கிறான்;
அவனுக்குத் தொலைபேசியில்
எண்களை அழுத்தத் தொடங்கி,
வைத்துவிட்டு,
மறுபடி அழுத்தினேன்.